மடிக்கிட்டார் மிதிகிட்டார் ஆன வரலாறு

மெட்டுகள் இல்லாத தந்திகளின்மேல் வழவழப்பான கட்டையொன்றைச் சறுக்கி இசை எழுப்பும் முறை நமக்குப் புதியதன்று. வீணையைப் போலவே தோன்றினும் மெட்டுகளின்றி விளங்கும் கோட்டுவாத்தியத்தைக் கருங்காலிக் கட்டை கொண்டு வாசிப்பதை நம் முன்னோர் கேட்டு மகிழ்ந்தனர். திருவிடைமருதூர் சகாராம ராவ் அக்கருவிக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்தார். அவருக்குப் பின் நாராயண ஐயங்காரும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதன் புகழை வளர்த்தனர். சித்திரவீணை என்னும் பெயரால் அது இன்றும் ஒலிக்கிறது. ஒரு சுரத்தினின்று மற்றொரு சுரத்திற்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லும் ஜாரு என்னும் கமகம் அக்கருவியில் அமைவதுபோல் மெட்டுடைய கருவிகளில் அமைவதில்லை.

இதே முறையைப் பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவினர் கிட்டாரிற் கண்டனர். அக்கிட்டார் அமெரிக்காவிற் குடியேறி, மின்விசை பெற்று, கால்களும் மிதிகளும் பூண்டு, ‘பெடல் ஸ்டீல் கிட்டார்’ என்னும் புதுக்கருவியாயிற்று. இக்கட்டுரையில் அதனை மிதிகிட்டார் என்றே வழங்குவோம். அதன் பழைய வடிவங்களுட் சில மிக விந்தையானவை. இன்று எளிதிற் கிடைப்பனவும் அல்ல. அவற்றுள் ஒன்று கைக்கு வருமாயின் அதனைச் செப்பனிடுவோர் ஒரு வினாவிற்கு விடை கண்டே தீரவேண்டும். பழையதைப் பழையதாகவே இயங்கச் செய்வதா, இன்றைய வாசிப்புக்கு ஏற்றவாறு மாற்றி அமைப்பதா என்பதே அவ்வினா. கருவியின் வரலாற்றை அறியாமல் இதற்கு விடை கூறுதல் இயலாது. ஆதலின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

ஹவாய்த் தீவில்

கிட்டார் ஹவாய் மக்களின் பழங்கருவியன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாடு மேய்க்கும் தொழிலைக் கற்பிக்க மெக்சிக்கோ நாட்டுப் பகுதியிலிருந்து வந்த குதிரை வீரர்கள் அதனைக் கொண்டுவந்தனர் என்பர். ஹவாய் மக்கள் அதன் தந்திகளைத் தளர்த்தித் தங்கள் பாட்டுக்கு இசைவாகச் சுருதி கூட்டிக்கொண்டனர். இடக்கை விரலால் எத்தந்தியையும் அழுத்தாமல் வெறுமனே மீட்டினாலும் இனிய கூட்டொலி எழும்படி அமைந்தது அவர்களுடைய சுருதி.

ஒவாஹு தீவின் லாயியே என்னும் ஊரில் 1874ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் கெகூகூ, ஹானலூலுவிலுள்ள கமேஹமேஹா பள்ளியின் மாணவர். 1889ஆம் ஆண்டை ஒட்டி அவர் கிட்டாரை மடியிற் கிடத்தி, இரும்புத் துண்டொன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கத் தலைப்பட்டார். இரயில் பாதையோரம் கிடந்த திருகாணியொன்றே அவருக்கு முதலில் வழிகாட்டியது என்று கதை கூறுவர். பின்னர்ப் பள்ளியின் தொழிற்கூடத்திலேயே தமக்கேற்ற எஃகுக் கட்டையை உருவாக்கிக்கொண்டார். தந்திகள் மெட்டுகளில் உராயாதவாறு அவற்றை உயர்த்தியும் அமைத்தார். கையிற் பிடிக்கும் இவ்வெஃகுக் கட்டையால் வந்ததே ‘ஸ்டீல் கிட்டார்’ என்னும் பெயர். கருவி எஃகினால் ஆனதென்பது அதன் பொருளன்று. இந்தியாவிற் பிறந்து கப்பலில் ஹவாய் சேர்ந்த கேபிரியல் டேவியன் என்பவர் அவருக்கு முன்பே இவ்வாறு வாசித்தார் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. எனினும் இக்கலையை முறைப்படுத்திப் பரப்பிய பெருமை கெகூகூவையே சாரும்.

1893ஆம் ஆண்டில் அரசி லிலியுவோகலானி அரியணையினின்று அகற்றப்பட்டார். 1898இல் அத்தீவுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் இணைக்கப்பட்டன. அக்காலத்தில் ஹவாய் இசைவாணர் பலர் பிழைப்பை நாடிக் கடல் கடந்தனர். கெகூகூ 1904இல் புறப்பட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்து, 1932இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் மறைந்தார். தாம் பிறந்த தீவுக்கு அவர் திரும்பவேயில்லை. ஆனால் அவர் கண்ட இசை உலகைச் சுற்றியது. 1912இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘சொர்க்கப் பறவை’ என்னும் நாடகமும், 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியும் அவ்விசையை அமெரிக்க மக்களின் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தன.

கல்கத்தாவில்

அதே அலை நம் நாட்டையும் தொட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாவ் மோ என்னும் ஸ்டீல் கிட்டார் வித்தகர் தம் குடும்பத்தாருடன் கல்கத்தாவிற் தங்கி, விடுதிகளில் வாசித்தும் பலருக்குக் கற்பித்தும் வந்தார். கார்னி நிஸ் போன்றோர் அவரிடம் பயின்றனர். மிக விரைவிலேயே வங்காளத்து இல்லங்களில் ஆர்மோனியத்திற்கு அடுத்த இடத்தை ஹவாயன் கிட்டார் பெற்றது. சுஜித் நாத், கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தர், பட்டுக் நந்தி, சுனில் கங்குலி ஆகியோர் வாசித்த இரவீந்திரரின் பாடல்களையும் திரைப்பாடல்களையும் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. வட இந்திய நகரங்களில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களிலும் இக்கருவி அறியாத பொருளன்று.

ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா, அலி அக்பர் கானிடம் பயின்று, இந்துஸ்தானி இராகங்களை இக்கருவியில் விரிவாக வாசித்துக் காட்டினார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியா ஆகியோருடன் அவர் 1967இல் வெளியிட்ட ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டை அறியாதார் சிலரே. விசுவமோகன் பட் இதனையே மேலும் மாற்றி மோகனவீணையாக்கினார். ரை கூடருடன் இணைந்து அவர் வாசித்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது.

வழி பிரிந்த இடம்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரே ஹவாய்க் கிட்டார் அமெரிக்காவில் மிதிகள் பூண்டது; இந்தியாவில் ஏன் பூணவில்லை?

விடை கருவியிலன்று, இசையிலுள்ளது. நம் இசைக்கு ஆதார சுருதி ஒன்று. அதன்மேல் இராகம் தனிவழியே நடக்கும். ஆகவே நம்மவர் அக்கிட்டாரில் சுருதித் தந்திகளையும், தாமே அதிர்ந்து துணையொலி தரும் தந்திகளையும் சேர்த்தனர்; கோட்டுவாத்தியத்தின் அமைப்புக்கு அதனை நெருங்கச் செய்தனர் எனலாம். மேலை இசையோ ஒரே வேளையிற் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கூட்டொலிகளால் நடப்பது. பாட்டு நகருந்தோறும் கூட்டொலியும் மாறவேண்டும்.

ஸ்டீல் கிட்டாரின் குறை இங்குதான் வெளிப்பட்டது. எஃகுக் கட்டை நேரானது. எல்லாத் தந்திகளையும் ஒரே அளவாகவே குறுக்கும். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் எனத் தந்திகளைக் கூட்டி வைத்தால், கட்டையை எங்கே வைத்தாலும் அதே மூன்று சுரங்களின் உறவே கிடைக்கும். அந்தர காந்தாரத்தை மட்டும் சாதாரண காந்தாரமாக இறக்கிக் கேட்க விரும்பினால் நேரான கட்டை இடந்தராது. கட்டையைச் சாய்த்துப் பிடித்துச் சில கூட்டொலிகளைப் பெறலாம். எல்லாவற்றையும் பெறுதல் அரிது.

மற்றொரு குறை, ஒலியின் சிறுமை. இதனை முதலில் தீர்த்தனர். 1927இல் ஜான் டோப்யேரா உலோக உடலுக்குள் அலுமினியக் கூம்புகளை வைத்துக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கினார். அடுத்து, ஜார்ஜ் போஷாம்ப், காந்தத்தின் அருகே அதிரும் தந்தி செப்புச் சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும் என்னும் இயற்கை விதியைக் கொண்டு ஒரு கருவியை வகுத்தார். அது 1932இல் ரிக்கன்பேக்கர் முதலானோரின் தொழிற்சாலையில் அலுமினிய வார்ப்பாக வெளிவந்தது. நீண்ட பிடியும் வட்ட உடலும் கொண்டிருந்தமையால் ‘வறசட்டி’ என்றே அதனைப் பெயரிட்டு அழைத்தனர். விற்பனைக்கு வந்து வெற்றி கண்ட முதல் மின்கிட்டார், மடியிற் கிடத்தி வாசிக்கும் இந்த ஹவாய்க் கருவியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மின்விசை வந்தபின் கருவிக்குக் குடமோ பேழையோ தேவைப்படவில்லை. ஒரு பலகையே போதும் என்றானபின், இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுருதி கூட்டினர். மடிக்கிட்டார் மடி தாங்காத பாரமாயிற்று. அதற்குக் கால்கள் முளைத்தன. கழுத்துக்குக் கழுத்து கை தாவினும் கூட்டொலிப் பஞ்சம் தீரவில்லை.

மிதி பிறந்த கதை

கழுத்துகளைப் பெருக்குவதைவிட, ஒரே கழுத்தின் தந்திகளை வேண்டியபோது இழுத்தும் தளர்த்தியும் சுருதியை மாற்றினால் என்ன என்று எண்ணியோர் பலர். அவருள் கனெடிகட் மாநிலத்து இயந்திரத் தொழிலர் ஜான் மூர் ஒருவர். அவர் கருத்தையும், ஆல்வினோ ரே என்னும் இசைவாணரின் துணையையும் கொண்டு, கிப்ஸன் நிறுவனம் 1940ஆம் ஆண்டை ஒட்டி ‘எலெக்ட்ராஹார்ப்’ என்னும் கருவியை வெளியிட்டது. அதன் மிதிகள் எல்லாம் ஒரு காலின் அடியினின்று விசிறிபோல் விரிந்து நின்றன. போர் குறுக்கிட்டமையால் சிலவே செய்யப்பட்டன. இண்டியானாபொலிஸ் நகரின் ஹார்லின் சகோதரர்கள் ‘மல்டிகார்ட்’ என்னும் மற்றொரு வகையை உருவாக்கி, அதற்கு 1947இல் காப்புரிமையும் பெற்றனர்.

கலிபோர்னியாவின் டவுனி நகரில் பால் பிக்ஸ்பி என்னும் கைவினைஞர் இருந்தார். மோட்டார் சைக்கிள் உறுப்புகளுக்கு வார்ப்பச்சு செய்து பழகியவர். அவர் 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்னும் கலைஞருக்காக மூன்று கழுத்தும் நான்கு மிதியும் கொண்ட கருவியொன்றைச் செய்து தந்தார். செய்து முடித்த தேதியையே வரிசை எண்ணாகக் கருவியிற் பொறிப்பது அவர் வழக்கம். இதனால் அவர் கைவண்ணம் ஒவ்வொன்றின் பிறந்த நாளையும் இன்றும் நாம் அறியக்கூடும்.

இவையனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மிதி என்பது ஒரு சுருதியினின்று மற்றொரு சுருதிக்குக் கருவியை மாற்றும் சாதனமாகவே பெரிதும் கருதப்பட்டது. மிதிக்கும் வேளையில் தந்தி ஒலிக்கலாகாது. மாற்றம் முடிந்தபின் மீட்டவேண்டும். மேடை நாடகத்தில் திரைக்குப் பின்னே காட்சி மாற்றுவதை ஒத்தது அது. தந்தி ஏறும் ஓசை செவிக்குக் கேட்பது குறையென்றே பலரும் எண்ணினர்.

1953ஆம் ஆண்டின் திருப்பம்

அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியவர் பட் ஐசக்ஸ். 1953ஆம் ஆண்டின் இறுதியில் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்னும் பாட்டு ஒலிப்பதிவானபோது, ஐசக்ஸ் தந்திகளை மீட்டி, அவை ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே மிதியை அழுத்தினார். பஞ்சமம் தைவதத்துக்கும், அந்தர காந்தாரம் சுத்த மத்திமத்துக்கும் வழுக்கி ஏற, ஷட்ஜம் மட்டும் அசையாமல் நின்றது. ஒரு கூட்டொலி உருகி மற்றொன்றாயிற்று. கட்டையைச் சறுக்கினால் எல்லாச் சுரங்களும் ஒருங்கே நகரும். விரல்களால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தாலும் இவ்வளவு செம்மை வாராது. அழுகைக்கும் ஆறுதலுக்கும் இடைப்பட்டதோர் ஒலி என்று கேட்டோர் வியந்தனர். 1954இல் அப்பாட்டு அமெரிக்க நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடம் பெற்றது.

அதன் விளைவு கடுமையானது. ஸ்டீல் கிட்டார் வாசித்தோர் எல்லாரும் தத்தம் கருவிகளுக்கு மிதி பொருத்த முனைந்தனர். மரத்தைத் துளைத்தனர், கதவுக் கீல்களையும் மோட்டார் வண்டி உறுப்புகளையும் கொண்டு இழுவைகள் செய்தனர். நாஷ்வில் நகரில் ஷாட் ஜாக்ஸனும் பட்டி எம்மன்ஸும் பிறருடைய கருவிகளுக்கு மிதி பொருத்தும் தொழிலில் தொடங்கி, 1957ஆம் ஆண்டையொட்டித் தம் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்து ‘ஷோ-பட்’ என்னும் நிறுவனம் கண்டனர். எம்மன்ஸ், ஐசக்ஸின் ஒரே மிதியை இரண்டாகப் பிரித்து, இரு தந்திகளையும் தனித்தனியே ஏற்ற வழி செய்தார். 1960-களின் தொடக்கத்தில் இடைச் சுரங்களுக்கான இரு தந்திகளையும் சேர்த்தார். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் வந்தன. பத்துத் தந்தி, மூன்று மிதி, சில முழங்கால் நெம்புகோல்கள் என்னும் ‘ஈ ஒன்பதாம்’ சுருதி அமைப்பு மெல்ல மெல்லப் பொது இலக்கணமாயிற்று. இன்று உலகில் எங்கே மிதிகிட்டார் கற்பினும் பெரும்பாலும் அதனையே கற்கின்றனர்.

தனிவழி சென்ற கருவி

பொது இலக்கணம் உறுதிப்படுமுன் அதற்குப் புறம்பான வழிகளும் திறந்திருந்தன. அவற்றுட் சிறந்த ஒன்று லியோ ஃபெண்டருடையது. அவர் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்தித் தொடங்கியவர். தாம் கிட்டார் வாசிக்க அறியாதவர். ஆனால் வாசிப்போரின் குறைகளைச் செவிமடுத்துக் கருவி வகுப்பதில் நிகரற்றவர். 1957ஆம் ஆண்டை ஒட்டி ‘1000’ என்னும் எண்பெயரால் எட்டெட்டுத் தந்திகளுள்ள இரட்டைக் கழுத்துக் கருவியையும், அதனைத் தொடர்ந்து ‘400’ என்னும் ஒற்றைக் கழுத்துக் கருவியையும் அவர் நிறுவனம் வெளியிட்டது.

பிறர் மிதியையும் தந்தியையும் இணைக்க உலோகக் கோல்களை அமைத்தனர். ஃபெண்டர் மெல்லிய எஃகு வடங்களை அமைத்தார். மிதியை அழுத்தினால் நெம்புகோல் அசையும். அதில் மாட்டிய கொக்கியின் வழியே வடம் இழுபடும். வடம் கப்பியைச் சுற்றி ஓடித் தந்தியின் முனையைப் பற்றிய உறுப்பை அசைக்கும். மிதிவண்டியின் தடைக்கம்பியை அறிந்தோர்க்கு இது விளங்கும். கொக்கியைக் கழற்றி வேறு நெம்புகோலில் மாட்டினால், அதே தந்தி வேறு மிதிக்கு அடங்கும். எவ்வகைச் சுருதி அமைப்பையும் வாசிப்பவர் தம் கையாலேயே வகுத்துக்கொள்ளலாம், பட்டறைக்குப் போகவேண்டுவதில்லை. இன்னதே முறை என்று எவரும் வகுத்திராத காலத்தில் இதனினும் மேலான உரிமை வேறில்லை.

முறை வகுக்கப்பட்டபின் அவ்வுரிமைக்கு மதிப்புக் குறைந்தது. பத்துத் தந்தி வேண்டியோர்க்கு எட்டுத் தந்தி போதவில்லை; முழங்கால் நெம்புகோல்களும் அதில் இல்லை. 1964இல் பத்துத் தந்தி வடிவங்களும் வந்தன. 1965இல் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். நிறுவனத்திற்கு விற்றார்; 1970-களோடு இவ்வரிசை மறைந்தது. ஆயினும் ஒருவர் அதனைக் கைவிடவில்லை. அவர் ‘ஸ்னீக்கி பீட்’ கிளைனோ. திரைப்படங்களுக்குப் பொம்மைகளை அசைவித்துக் காட்டும் கலையில் தேர்ந்த அவர், ஃபெண்டர் 400 கருவியில் ‘பி ஆறாம்’ சுருதி கூட்டி வாசித்தார். ஃபிளையிங் பரீட்டோ பிரதர்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டு இசைத்தட்டில் அவர் வாசிப்பைக் கேட்போர், வேறெவரும் அவ்வாறு வாசிக்கவில்லை என்பதை உடனே உணர்வர். வடமும் எட்டுத் தந்தியும் அவருக்குத் தடையாகவில்லை. அவர் நடைக்கே அவை அடிப்படையாயின.

செப்பனிடும் முறை

இத்தகைய கருவியொன்று அறுபது ஆண்டுகளுக்குப் பின் பரணிலிருந்து இறங்குகிறது என்று கொள்வோம். தந்திகள் துருவேறி, வடங்கள் தளர்ந்து, சில மிதிக்கோல்கள் காணாமற் போயிருக்கும். அதனைச் செப்பனிடுவோர் செய்யவேண்டுவன இவை.

முதலாவது, எதனையும் கழற்றுமுன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து, எந்த வடம் எந்த மிதியில் மாட்டப்பட்டுள்ளது என்பதை அட்டவணையாக எழுதிக்கொள்ளவேண்டும். முன்பு வாசித்தவரின் இசைமுறை ஏட்டில் எழுதப்பட்டிருப்பது அரிது. அக்கொக்கிகளின் வரிசையே அவர் விட்டுச் சென்ற ஏடு. தந்தி தாங்கும் பள்ளங்களின் அகலத்தைக் கொண்டு எத்துணைப் பருமனுள்ள தந்திகளைப் பூட்டினார் என்பதையும் ஊகிக்கலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டால் அவ்வேடு மீளாமல் அழியும்.

இரண்டாவது, துப்புரவு. பழைய மசகெண்ணெய் காலப்போக்கிற் பிசின்போல் இறுகிவிடும். கருவி இயங்காமைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம், உடைவு அன்று. உலோக உறுப்புகளில் அதனை மெல்லக் கரைத்து எடுக்கலாம். ஆனால் வர்ணக் கடையில் விற்கும் தின்னரை மரத்தின் அருகே கொண்டுவரலாகாது. அக்கால மெருகுப் பூச்சு நைட்ரோசெல்லுலோசால் ஆனதாயின், தின்னர் பட்ட அளவில் அது கரைந்துவிடும்.

மூன்றாவது, வடங்களும் சுருள்வில்களும். வடத்தின் இழைகள் கப்பியில் வளையும் இடத்திலேதான் முதலில் அறும். ஓர் இழை அறுந்தாலும் அவ்வடத்தை நம்பலாகாது. அதே பருமனுள்ள புதுவடத்தைச் சிலநாள் இழுவையில் வைத்து, நீளும் வரை நீளவிட்டுப் பொருத்தவேண்டும். இதிற் கவனம் வேண்டுவதற்குக் காரணமுண்டு. தந்தியின் சுருதி அரைச்சுரம் ஏறவேண்டுமாயின் அதன் இழுவிசை ஏறக்குறைய 12 விழுக்காடு கூடவேண்டும்; முழுச்சுரம் ஏற ஏறக்குறைய 26 விழுக்காடு கூடவேண்டும். மிதியை அழுத்துந்தோறும் இவ்வளவு விசை கருவியின் உடலில் ஏறி இறங்குகிறது. உடல் மயிரிழை வளைந்தாலும் மிதிக்காத தந்திகளின் சுருதி தாழும். ஆதலின் செப்பனிட்டபின் ஒவ்வொரு மிதியையும் பத்து முறை அழுத்தி விட்டு, ஒவ்வொரு முறையும் தந்தி தன் பழைய சுருதிக்கே திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். திரும்பாவிடின் குற்றம் சுருள்வில்லிலோ கப்பியிலோ இருக்கும்.

நான்காவது, பிக்கப் என்னும் காந்தச்சுருள். தலைமயிரினும் மெல்லிய, ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றியது அது. ஒலி வரவில்லை என்றதும் முழுவதையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுவது பலர் வழக்கம். அதற்குமுன் மின்தடையை அளந்து, வெளிக்கம்பி சேரும் முனையைச் சோதிக்கவேண்டும்; முறிவு அங்கே இருப்பின் ஒரு சிறு பற்றவைப்பே போதும். பழைய சுருளை அவிழ்த்தால் அக்கருவியின் குரலே மாறக்கூடும்.

எந்த நாளைய வடிவம்?

இவையெல்லாம் கைத்திறத்தைச் சார்ந்தவை. கடினமானது இதன்பின் வருவது. பழைய ஃபெண்டரைச் செப்பனிட முனைவோரை, ‘இதில் முழங்கால் நெம்புகோல் இரண்டு சேர்த்தால் என்ன? வடங்களை எடுத்துவிட்டுக் கோல்களை அமைத்தால் என்ன? இன்றைய பாடமுறைக்கு ஏற்றதாகுமே’ என்று நண்பர்கள் தூண்டுவர். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மிதிகிட்டாரின் வரலாறே மாற்றத்தின் வரலாறு அன்றோ? கெகூகூ ஸ்பானியக் கிட்டாரை மாற்றினார். ஐசக்ஸின் பாட்டைக் கேட்ட ஊர்ப்புற இசைவாணர் தம் விலையுயர்ந்த கருவியைத் துளைத்தார். ஜாக்ஸனும் எம்மன்ஸும் பிறர் கருவிகளை மாற்றியே தொழில் நிறுவினர். அவர்கள் எல்லாரும் ‘பழையதைத் தொடலாகாது’ என்று இருந்திருப்பின் மிதிகிட்டாரே பிறந்திராது.

ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. அவர்கள் காலத்தில் வேண்டிய கருவி கடையிற் கிடைக்கவில்லை. இருந்ததை அறுத்தாலன்றி வேறு வழியில்லை. இன்றோ பத்துத் தந்தியும் நெம்புகோலும் உள்ள கருவியைப் புதிதாகச் செய்துதரப் பலர் உளர். வடமும் கொக்கியும் கொண்ட எட்டுத் தந்தி ஃபெண்டரையோ, விசிறி மிதியுள்ள எலெக்ட்ராஹார்ப்பையோ இனிச் செய்வார் இலர். அதனைப் பொதுமுறைக்கு மாற்றினால் கிடைப்பது சுமாரான ஒரு புதுக்கருவி. இழப்பது, ஒரு காலத்தில் திறந்திருந்த மாற்றுவழி ஒன்றின் சான்று. ஏடுகள் வென்ற வழியையே எழுதிவைக்கின்றன. கைவிடப்பட்ட வழி கருவியின் அடிவயிற்றிலேதான் எழுதப்பட்டுள்ளது.

அவ்வாறாயின், 1954இல் யாரோ ஒருவர் தம் கையால் துளையிட்டு மிதி பொருத்திய பழைய கருவியை என்செய்வது? துளைகளை அடைத்து, தொழிற்சாலையினின்று வந்த நாளின் கோலத்திற்குத் திருப்புவதா? அதுவும் பிழையே என்பது நம் கருத்து. அத்துளைகளே அக்கருவியின் வாழ்வு. ஐசக்ஸின் பாட்டு ஒரு சிற்றூர் வரை எட்டியதற்கு அவை சாட்சி. தோன்றிய நாளே புனிதமானதென்று கொள்வதினும், இசைக்காகக் கருவி கடைசியாக முழுமையுற இயங்கிய வடிவத்தைப் போற்றுவதே தக்கது.

இதற்கு நான்கு நெறிகளைக் கொள்ளலாம். இயங்கும் உறுப்பு எதுவாயினும் அதனை மாற்றலாகாது. மாற்றவேண்டிய இடத்தில், பின்வருவோர் விரும்பினால் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவாறே மாற்றவேண்டும். புதிதாகக் கடைந்து சேர்த்த உறுப்பில் ஆண்டைப் பொறித்துவிடவேண்டும். கழற்றிய பழம்பொருள் அனைத்தையும், அறுந்த வடமாயினும், செய்தவற்றின் குறிப்போடு ஒரு பெட்டியிலிட்டுக் கருவியுடனேயே வைக்கவேண்டும். இவற்றோடு மற்றொன்றும் கூறவேண்டும். செப்பனிட்ட கருவியைக் கண்ணாடிப் பேழையிற் பூட்டிவைத்தால் எண்ணெய் மீண்டும் இறுகும். சுருள்வில் மீண்டும் முடங்கும். அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கியவை நீங்கலாக, ஏனையவற்றை நாள்தோறும் சிறிதேனும் வாசிப்பதே அவற்றைக் காக்கும் முறை.

நம் இல்லங்களில்

மிதிகிட்டார் நம் குடியிருப்புகளில் காணக்கிடைப்பதன்று. ஆனால் இந்நெறிகள் அதற்கு மட்டும் உரியவையல்ல. ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில், பாட்டியார் தஞ்சையிலிருந்து கொணர்ந்த வீணை, கல்கத்தாவில் வாங்கிய ஆர்மோனியம், ஒரு மாமா பயின்ற ஹவாயன் கிட்டார் எனப் பழங்கருவிகள் பரணிலும் அலமாரியின் மேலும் உறங்குகின்றன. விழாவை முன்னிட்டோ, பேத்தியின் பயிற்சிக்காகவோ அவற்றை எடுத்துச் செப்பனிட நினைப்போர், ‘எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள்’ என்று கடைக்காரரிடம் கூறுமுன் சற்றே பொறுத்திடவேண்டும். மெழுகின் மேலுள்ள மெட்டுகளின் நிலை, பிரடையிற் சுற்றிய நூல், ஆர்மோனியக் கட்டையொன்றில் தேய்ந்த குழி ஆகியவை வாசித்தவரின் கைப்பழக்கத்தைக் காட்டும் எழுத்துகள். அவற்றைப் படமெடுத்து வைப்போம். கழற்றிய உறுப்பைக் கேட்டு வாங்கிவருவோம். யார் வாசித்தது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதை ஒரு சிறு தாளில் எழுதி உறைக்குள் இடுவோம். அதன்பின் கருவிக்குச் சுருதி கூட்டி, பிள்ளைகளின் கையில் கொடுத்து வாசிக்கச் செய்வோமாக.